249: ஓர் ஆண்டுப் பட்டியலின் கணக்கு

டிசம்பர் 25ஆம் தேதி இரவு மஸ்கட்டில் விமானம் ஏறியபோது என் ஆண்டுப் பட்டியலில் சரியாக 250 பறவையினங்கள் இருந்தன. மறுநாள் காலை வேளச்சேரி வீட்டில், அம்மா தந்த காபி டம்ளரை ஒரு கையிலும் கைப்பேசியை மறு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது 249 ஆயிற்று. நவம்பர் மாதம் ஓமானின் பாதினா கரையோரத்துப் பண்ணை ஒன்றின் மேல் தாழப் பறந்து சென்ற ஒரு பெண் பூனைப்பருந்தை, வெளிறிய பூனைப்பருந்து என்று நான் பதிந்திருந்தேன். அந்தப் பகுதியின் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டையும் அதற்குப் பின்னால் கருமையும் தெரிந்தனவா, அல்லது அது மாண்டேகு பூனைப்பருந்தாக இருக்க வாய்ப்புண்டா என்று மிகுந்த பணிவோடு கேட்டு எழுதியிருந்தார். எடுத்திருந்த ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டையும் தெரியவில்லை, கழுத்தே தெரியவில்லை. காரின் கண்ணாடியில் படிந்திருந்த புழுதிதான் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

இந்த இரண்டு இனங்களின் பெண் பறவைகளையும் இளம் பறவைகளையும் பிரித்தறிவது பழகிய கண்களுக்கே கடினம். பதியும்போது அது எனக்குத் தெரியாமல் இல்லை. நவம்பர் மாதம், 246இல் நின்றுகொண்டிருந்த ஒருவருக்கு எது வேண்டியிருந்ததோ அதைக் கண் பார்த்தது, அவ்வளவுதான். பதிவை ‘வெளிறிய அல்லது மாண்டேகு பூனைப்பருந்து’ என்று மாற்றினேன். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் இப்படி இரண்டில் ஒன்று என்று பதிய இடம் உண்டு. ஆனால், அந்த இரண்டு இனங்களில் ஒன்றை ஏற்கெனவே பார்த்திருந்தால், அது மொத்த எண்ணிக்கையில் சேராது. மாண்டேகு பூனைப்பருந்தை நான் பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டேன்.

“ஒண்ணு போச்சா?” என்று நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா கேட்டார்.

“போச்சுப்பா.”

“போகட்டும். இன்னும் ஆறு நாள் இருக்கே.”

ஆண்டுப் பட்டியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பறவை பார்ப்பவர்கள் பலரும் வாழ்நாள் பட்டியல் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் ஓரினம் ஒரே ஒரு முறைதான் ஏறும். ஆண்டுப் பட்டியல் ஜனவரி 1ஆம் தேதி வெறுமையாகத் தொடங்கி டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவில் முடிந்துபோகும். மறுநாள் காலை காகம், மைனா, மாடப்புறா எல்லாம் மறுபடியும் புதிய பறவைகள். வாழ்நாள் பட்டியலை மட்டும் வைத்திருந்த காலத்தில் நான் காகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு வசதியும் உண்டு. புத்தாண்டு எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊர்ப் பறவைகள்தான் பட்டியலின் முதல் பக்கத்தில் உட்காரும். என் விடுமுறை எப்போதும் டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை என்பதால், ஆறு ஆண்டுகளாக என் முதல் பக்கம் சென்னைக்குச் சொந்தமாக இருந்துவருகிறது.

அப்பாவும் ஓர் ஆண்டுப் பட்டியல் வைத்திருக்கிறார். யாராவது இலவசமாகக் கொடுக்கும் டைரியில், நீல மையில், தமிழ்ப் பெயர்களோடு. பணி ஓய்வு பெற்றபின் அவர் சென்னையைத் தாண்டிப் போனது மிகக் குறைவு. மொட்டை மாடி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஏரி, அடையாற்று முகத்துவாரத்தின் உடைந்த பாலம், எப்போதாவது பழவேற்காடு, இதற்குள்தான் அவருடைய உலகம். சென்ற ஆண்டு அவருடைய எண்ணிக்கை 171. நான் நான்கு விமானப் பயணங்களுக்குப் பிறகு அடைந்த எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு பறவைக்கு எத்தனை லிட்டர் எரிபொருள் என்ற கேள்வி எழும். அதை நான் கணக்கிட்டதில்லை, கணக்கிடவும் விரும்பவில்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. பறவை உயிரோடு இருக்க வேண்டும். கூண்டிலோ கயிற்றிலோ இருக்கக் கூடாது. உயிரியல் பூங்காவில் உள்ளவை செல்லா, ஆனால் அந்தப் பூங்காவின் குளத்துக்குத் தானாக வந்து இறங்கிய நீர்க்காகம் செல்லும். பார்க்க வேண்டும் என்பதில்லை, குரலை ஐயமின்றி அடையாளம் கண்டாலே போதும். ரயிலிலிருந்து பார்த்ததும் விமான நிலையக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் செல்லும். முனையத்துக்குள்ளேயே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் சிட்டுக்குருவி செல்லுமா என்று ஒரு முறை நீண்ட விவாதம் நடந்தது. கதவு திறந்திருக்கும்போது அது வெளியே போகாமல் இருப்பது அதன் விருப்பம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

சென்ற ஆண்டு ஜனவரியின் முதல் ஒன்பது நாட்களில் 104 இனங்களைப் பார்த்தேன். பெரிய சாதனை ஒன்றுமில்லை. வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் மாதம் அது. துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்தாலே ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, பூநாரை என்று பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். முதுகுக்குப் பின்னால் மாநகரப் பேருந்துகள் ஒலி எழுப்பிக்கொண்டு போகும்; ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை மேட்டின் மேல் கரும்பருந்துகள் வட்டமிடும். இந்தச் சதுப்பு நிலத்தில் 1247 ஹெக்டேர் 2022ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா டைரியில் பறவைப் பெயருக்குப் பதிலாக அதை எழுதிவைத்திருந்தார்.

பொங்கல் நாட்களில் நான் ஊரில் இருப்பதில்லை என்பதுதான் குறை. 2015ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த அத்தனை பறவைகளையும் எண்ணிப் பதிய வேண்டும். கனுப் பொங்கலன்று காலை அம்மா மொட்டை மாடியில் மஞ்சள் இலை விரித்து, மஞ்சள் சாதமும் குங்குமச் சாதமும் உருண்டைகளாக வைத்துக் காகங்களை அழைப்பது வழக்கம். அப்பா தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று, வந்தவற்றை எண்ணுவார். கணக்கெடுப்புக்காக இரை வைத்துப் பறவைகளை வரவழைப்பது முறையா என்று நான் மஸ்கட்டிலிருந்து கேட்டேன். “இது உன் தாத்தா காலத்துக்கு முன்னாலிருந்து நடக்கிற கணக்கெடுப்பு” என்று அம்மாவின் குரல்தான் பதிலாக வந்தது.

மஸ்கட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, குடியிருப்பின் ஏசியின் வெளிப்பெட்டி மேல் உட்கார்ந்து என்னை எழுப்புவதும் காகம்தான். நம் ஊர்ச் சாம்பல் கழுத்துக் காகம், எழுத்துப் பிசகாமல் அதே இனம். கௌதாரி, ஆள்காட்டி, பனங்காடை, மைனா, ஊதாத் தேன்சிட்டு, பச்சைக்கிளி என்று மஸ்கட்டின் தெருப் பறவைகளில் பாதி எனக்கு வேளச்சேரியில் பழக்கமானவை. முதன்முதலாக அங்கே போய் இறங்கியபோது அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. மூன்றரை மணி நேரம் பறந்துவந்து, பாலைவன மலைகளுக்கு நடுவில், மின்கம்பியில் பனங்காடையைப் பார்ப்பதா என்று அலுத்துக்கொண்டேன். பட்டியலுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை; ஜனவரி முதல் வாரத்திலேயே அவை எல்லாம் ஏறிவிட்டிருந்தன.

காகம் எப்படி இத்தனை ஊர்களுக்குப் போனது என்று தேடிப் படித்தபோதுதான் அலுப்புக் குறைந்தது. இந்தியத் துணைக்கண்டத்துக் காகம் கப்பல்களில் ஏறித் துறைமுகம் துறைமுகமாகப் பரவியிருக்கிறது. பயணச்சீட்டு எடுக்காமல் போனவை பல. அழைத்துப் போகப்பட்டவையும் உண்டு. மலாயாவின் கிள்ளான் பகுதியில் 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்களையும் அதே காலத்தில்தான் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காப்பி போய்விட்டது, ரப்பர் வந்தது. காகமும் தமிழர்களும் அங்கேயே இருக்கிறார்கள். நெதர்லாந்தின் ஹூக் ஃபான் ஹாலண்ட் துறைமுகத்தில் 1994ஆம் ஆண்டு இரண்டு காகங்கள் வந்து இறங்கி, அந்தக் குளிரிலும் குஞ்சு பொரித்திருக்கின்றன. ஓமானில் இப்போது காகத்தையும் மைனாவையும் அயல் ஊடுருவிகள் என்று வகைப்படுத்திப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். சூழலியல் நோக்கில் அது சரியான நடவடிக்கை என்பதில் எனக்கு ஐயமில்லை. உள்ளூர்ப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் காகம் விட்டுவைப்பதில்லை. இருந்தாலும் இந்தச் செய்தியை அம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

மஸ்கட்டில் நான் பார்த்தவற்றுள் எந்தப் பட்டியலும் இல்லாவிட்டாலும் மறக்க முடியாத ஒன்று, அமராத் பகுதிக்கு அப்பால் மலைகளுக்கிடையே இருக்கும் குப்பைக் கிடங்கில் இருந்தது. குளிர்காலத்தில் அங்கே ஸ்டெப்பி கழுகுகளும், பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளும் கூடும் என்று அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் மலையாளி நண்பர் அழைத்துச் சென்றார். காரின் கண்ணாடியை இறக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன், பைனாகுலரைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. குப்பைச் சரிவிலும், அதை அடுத்த பாறைகளிலும், மின்கோபுரங்களின் குறுக்குச் சட்டங்களிலும், வெள்ளை உடலும் கருமையான சிறகு விளிம்புகளும் சுருக்கம் விழுந்த மஞ்சள் முகமுமாக நூற்றுக்கணக்கான பறவைகள் உட்கார்ந்திருந்தன. மஞ்சள் முகப் பாறு. உலக அளவில் 2007ஆம் ஆண்டு முதல் அருகிவரும் இனம் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும் பறவை அங்கே கோழிகளைப் போல நடந்து போய்க்கொண்டிருந்தது.

நான் எண்ணவில்லை, அப்பாவைக் கைப்பேசியில் அழைத்துக் காட்டினேன். படம் நடுங்கியது, வெயிலில் திரை வெளுத்திருந்தது. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நான் மறுபடியும் அழைக்கப் போனபோது, “கழுகாச்சே” என்றார்.

திருக்கழுக்குன்றத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். மலைக்கோயிலில் நண்பகல் வேளையில் பண்டாரம் ஒருவர் பாறையில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு காத்திருப்பதையும், எங்கிருந்தோ இரண்டு கழுகுகள் வந்து இறங்கி அதைத் தின்றுவிட்டுப் போவதையும், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்வதையும் சிறுவயதில் பலமுறை பார்த்திருக்கிறார். காலையில் காசியில் நீராடி, இங்கே அமுதுண்டு, இரவில் வேறொரு தலத்தில் தங்கும் முனிவர்கள் அவர்கள் என்பது ஊர் நம்பிக்கை. அந்த இரண்டும் மஞ்சள் முகப் பாறுகள். 1998 வாக்கில் அவை வருவது நின்றுபோயிற்று. கலியுகம் முற்றியதால் என்றும், மலையில் கூட்டமும் இரைச்சலும் பெருகியதால் என்றும் ஊரில் பலவிதமாகச் சொல்வார்கள். அதே பத்தாண்டுகளில்தான் நாடு முழுவதும் பாறு வகைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, அந்த மாடுகளின் இறந்த உடலைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது முதன்மைக் காரணம் என்பது பின்னர் தெரியவந்து, கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது 2006ஆம் ஆண்டு இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

அப்பா பட்டியல் எழுதத் தொடங்கியது ஓய்வுக்குப் பிறகு. எனவே தாம் சிறுவயதில் நூறு முறை பார்த்த பறவை அவருடைய எந்த ஆண்டு டைரியிலும் இல்லை. அவருடைய மகளுக்கோ, அது ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு குப்பைக் கிடங்கில் தவறாமல் கிடைத்துவிடும் ஓர் எண்.

மே மாதம் பயிற்சி ஒன்றுக்காக நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இரண்டு வாரம் இருந்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையாவது அந்த ஊர்ப் பக்கம் போய்வருவார்கள். மாலை நேரங்களில் வாடகை மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, டெல்ஃப்டுக்கும் ராட்டர்டாமுக்கும் இடையிலான மேய்ச்சல் நிலங்களுக்குப் போய்விடுவேன். இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த செங்கால் நாரையை நான் முதன்முதலாக நேரில் கண்டது அங்கேதான், ஒரு பண்ணைவீட்டின் அருகே கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த கூட்டில். அந்நாட்டில் ஏறத்தாழ அற்றுப்போயிருந்த அந்த நாரையை 1969ஆம் ஆண்டு முதல் வளர்த்துவிட்டு மீட்டெடுத்திருக்கிறார்கள். அதன் வரலாறு தெரிந்ததும், அதைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். சிட்டுக்குருவித் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொண்டு சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் அந்த இரண்டு வாரங்களில் நான் அதிக நேரம் செலவிட்டது பட்டியலில் ஏறாத பறவை ஒன்றோடு. கருவால் மூக்கன் என்பது நமக்குப் பெரும்பாக்கம் ஏரியில் டிசம்பரிலும் ஜனவரியிலும் நூறு இருநூறாகச் சேற்றில் நின்று, நீண்ட மூக்கை வேர்வரை நுழைத்துக் குத்திக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பறவை. பேசாமல் தின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். அதையே டச்சுக்காரர்கள் 2015ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதன் குரலிலிருந்தே பிறந்த ‘குருட்டோ’ என்ற பெயரால்தான் அங்கே எல்லோரும் அழைக்கிறார்கள். மே மாதப் புல்வெளியில் அது கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் ஏறி, வேலிக்கம்பத்தில் நின்று, தன் பெயரைத் தானே கூவி, என் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்து விரட்டியது. புல்லுக்குள் குஞ்சுகள் இருந்திருக்க வேண்டும். பால்பண்ணைக்காரர்கள் புல்லை முன்கூட்டியே, அடிக்கடி அறுக்கத் தொடங்கியதால் குஞ்சுகள் தப்பிப் பெரிதாவது குறைந்துவிட்டதாகவும், அரை நூற்றாண்டுக்கு முன் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை என்பதாகவும் அங்கே அறிவிப்புப் பலகைகளில் படித்தேன்.

இந்தப் பறவைகள் பெரும்பாக்கத்துக்கு வருபவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்; நெதர்லாந்தில் பிறப்பவை குளிர்காலத்தில் ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்கு ஆப்பிரிக்கா என்று போகின்றன. நம் ஊருக்கு வருபவை அதற்கும் வெகு கிழக்கே பிறந்தவை. ஒரே இனம், ஒரே எண். அதை நான் ஜனவரி 3ஆம் தேதியே எழுதி முடித்திருந்தேன் என்பதால், இ-பேர்டு கணக்கில் அந்த மாலைகள் எல்லாம் பூச்சியம்தான். மாட்டுக்கொட்டகையில் கூடு கட்டிக்கொண்டிருந்த தகைவிலானும் அப்படியே. வேளச்சேரியில் வந்து கம்பியில் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுப் போகும் ஆள், அங்கே சேற்றுருண்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடியாடி வீடு கட்டுகிறது.

சலாலாவுக்கு வேலையாகப் போன இரண்டு பயணங்களைப் பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவமழையின் தூறலில் மலைகள் பச்சையாகும் ஊர், ஆப்பிரிக்கப் பறவைகளின் ஒரு கிளை அங்கே இருக்கிறது, அவசரமாகப் பார்த்தேன், 23 இனங்கள் ஏறின. அவற்றில் பாதியின் முகம் இப்போது நினைவில் இல்லை.

வெளியே போகாமலே கிடைத்த ஒன்றும் உண்டு. சின்னப் பஞ்சுருட்டான் என்று நாம் அழைக்கும் பச்சைக் குருவி, ஆசியாவில் இருப்பது வேறு, அரேபியாவில் இருப்பது வேறு, ஆப்பிரிக்காவில் இருப்பது வேறு என்று வகைபாட்டியலாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் கேளம்பாக்கத்தில் பார்த்தது ஒன்று, மஸ்கட்டில் அலுவலக வேலியில் பார்ப்பது ஒன்று என்று எனக்கு இப்போது ஒவ்வோர் ஆண்டும் இரண்டு. அப்பா இதை ஏற்கவில்லை. ஒரு பறவை முட்டையிலிருந்துதான் பிறக்க வேண்டும், காகிதத்திலிருந்து பிறக்கக் கூடாது என்பது அவர் கட்சி. தொண்டையில் நீலம் கூடுதல், வாலின் நடுவிறகு குட்டை என்று படம் காட்டி விளக்கினேன். “அப்போ என் தங்கச்சி துபாய் போனதும் வேற இனமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் மாதம் ஒரு நாள் காலை, மஸ்கட் நேரம் ஐந்தரைக்கு, அப்பாவிடமிருந்து அழைப்பு. சென்னையில் அப்போது ஏழு மணி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிக் கண்ணாடியில் இரவு மோதி விழுந்த பறவை ஒன்றைக் காவல்காரர் அண்ணன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அட்டைப் பெட்டியின் ஓட்டை வழியாக அப்பா கைப்பேசியை உள்ளே நீட்டினார். பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு: ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இரவுகளில் பறந்து தெற்கே வரும் இந்தப் பறவை, சென்னையில் ஒவ்வொரு அக்டோபரிலும் யார் வீட்டு வரவேற்பறையிலாவது, குளியலறையிலாவது திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். நான் ஆறு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கும் பறவை அது.

“பார்த்துட்டேன்ப்பா, எழுதிக்கலாமா?” என்றேன்.

“செல்போன்ல பார்த்ததெல்லாம் செல்லாது.”

“சரி, உங்களுக்கு? அட்டைப் பெட்டியில் இருக்கிறது செல்லுமா?”

நான்கு நொடிகள் அமைதி. “செல்லாது” என்றார். அன்று முழுவதும் பெட்டியை இருட்டான அறையில் வைத்து, அம்மாவையும் பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி, வெயில் தாழ்ந்தபின் பின்பக்கத் தோட்டத்தில் மூடியைத் திறந்தாராம். அது ஒரு தாவலில் வெளியே வந்து, சருகுக்குள் நின்று, சுற்றிப் பார்த்து, புங்க மரத்தின் பின்னால் பறந்து போயிற்றாம். டைரியில் அப்பா ‘மாலை 5.52, ஆறுமணிக்குருவி 1’ என்று எழுதியிருந்ததை டிசம்பரில் நானே பார்த்தேன். எட்டு நிமிடம் பொறுத்துத் திறந்திருக்கலாமே என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அந்தக் கடைசி ஆறு நாட்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. 27ஆம் தேதி வேடந்தாங்கலுக்குப் போனோம். அந்த ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர்மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் கேட்டுப் பெற்றதும், 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டதும் பலர் அறிந்தவை. பறவை எச்சம் கரைந்த நீர் வயலுக்கு எருவாகிறது என்று அறிந்த உழவர்கள் அவர்கள். நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் மரங்களே தெரியாதபடி உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஏற்கெனவே எழுதியவை. திரும்பும் வழியில் அப்பா வண்டியைத் திருக்கழுக்குன்றத்துக்கு விடச் சொன்னார். மலையேற அவருக்கு இப்போது மூட்டு ஒத்துழைக்காது. சங்கு தீர்த்தக் குளக்கரையில் நின்று, மலைக்கு மேலே வெறும் வானத்தை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தோம். ஒரு கரும்பருந்து போயிற்று.

31ஆம் தேதி மாலை பெரும்பாக்கம் ஏரிக்கரை. கருவால் மூக்கன்கள் கரையோரம் வரிசையாக, ஒலியில்லாமல் குத்திக்கொண்டிருந்தன. வெளிச்சம் போகும் நேரத்தில், எங்கள் காலடியில் கோரைக்குள்ளிருந்து உள்ளான் ஒன்று வறட்டுக் குரலோடு கிளம்பி, வளைந்து வளைந்து பறந்து, எதிர்க்கரைக் கோரையில் விழுந்தது. விசிறிவால் உள்ளான் என்றால் அது என்னிடம் இருக்கிறது. ஊசிவால் உள்ளான் என்றால் 250. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விசிறிவாலுக்குச் சிறகின் பின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு, பறக்கும்போது தெரியும். ஊசிவாலுக்கு அது இல்லை.

“கோடு இல்ல, பார்த்தியா?” என்றார் அப்பா.

கோடு இல்லாததை நான் பார்க்கவில்லை. கோட்டைப் பார்க்காமல் இருந்தேன், அது வேறு. அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, டைரியில் வெறுமனே ‘உள்ளான் 1’ என்று எழுதினார். அவருக்கும் அன்று எண்ணிக்கை கூடவில்லை.

வேளச்சேரியில் புத்தாண்டு நள்ளிரவு என்பது வெடிச் சத்தம். 12 மணி அடித்ததும் நான்கு திசைகளிலும் வாணவேடிக்கை தொடங்க, தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தில் அடைந்திருந்த காகங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பி இருட்டில் கத்திக்கொண்டு சுற்றின. நான் பால்கனியில் நின்று கைப்பேசியைத் திறந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ‘காகம், குரல் மட்டும், 12.03’ என்று பதிந்தேன். உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“எனக்கு 12.02.”